அறுவை சிகிச்சை முடிந்தவருக்குக் கைகளையும் பாதங்களையும் நீவிவிடும் முறை

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவரப்பட்டவருக்குத் துணையாக இருப்பவர், முதல் இரண்டு மூன்று நாள்களில் ஓடியாடிப் பல வேலைகளைச் செய்தாலும், வலிக்காகத் தன்னால் எதுவும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்புடனேயே இருப்பார். ஊசியும் மாத்திரையும் செவிலியரின் பொறுப்பு. கட்டைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவர். எழுப்பி நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட். துணைக்கு இருப்பவர் கஞ்சி வாங்கி வருகிறார், மருந்துச் சீட்டுடன் கீழ்த்தளத்துக்கு ஓடுகிறார், மீதி நேரமெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து படுத்திருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காயத்துக்குத் தொலைவில் உள்ள இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்ற கணக்கில், மொத்தம் 20 நிமிடம் மெதுவாக நீவிவிடலாம். இதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. ஆனால் எங்கே தொடக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்ற தெளிவு கட்டாயம் வேண்டும். அந்தத் தெளிவு இல்லாமல் அன்பினால் மட்டுமே அழுத்திப் பிடித்துவிடுவது சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், செய்முறையைப் போலவே தடைகளையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சிசேரியன், குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம், இதய பைபாஸ் போன்ற சிகிச்சைகளுக்குப் பிறகு சுயநினைவுடன் பேசக்கூடிய நிலையில் உள்ள பெரியவர்களை மனத்தில் வைத்தே இந்த முறை எழுதப்பட்டுள்ளது. ஐ.சி.யூ.வில் இருப்பவரைச் சில நிமிடங்கள் மட்டுமே பார்க்க விடுவார்கள். அங்கே கையைப் பற்றிக்கொண்டு நிற்பதே போதுமானது.

எதனால் வலி தணிகிறது

காயம் பட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி மெல்லிய நரம்பிழைகள் வழியாக முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்கிறது. தொடுதலையும் மென்மையான அழுத்தத்தையும் எடுத்துச் செல்பவை தடித்த நரம்பிழைகள். இவை தூண்டப்படும்போது, முதுகுத்தண்டில் உள்ள ஒரு கதவு பாதி மூடிக்கொள்வது போல வலிச் செய்தியின் அளவு குறைகிறது என்ற விளக்கத்தை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965-இல் முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தை நாம் தன்னிச்சையாகத் தேய்த்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். இதைத் தவிர, முடியுள்ள தோலில், அதாவது புறங்கை, முன்கை, கால் போன்ற இடங்களில், மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்லும் நரம்பிழைகள் தனியாக உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது இவை நன்றாக வேலை செய்கின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் இவற்றின் பங்கு குறைந்துவிடுகிறது. எனவே அவசரமாகத் தேய்ப்பதால் இந்தப் பயன் கிடைக்காது.

பதற்றத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர் மூச்சை மேலோட்டமாக இழுக்கிறார், வயிறும் தோளும் இறுகுகின்றன, இறுகிய தசை காயத்தை இழுக்கிறது, வலி கூடுகிறது, கூடிய வலி அச்சத்தை மேலும் வளர்க்கிறது. இப்படி இருமாமலும் நடக்காமலும் கிடந்தால் நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரையில் போகலாம். ஆகவே பதற்றத்தைத் தணிப்பது வெறும் ஆறுதல் அன்று. குணமாவதற்கான வேலைகளை நோயாளி செய்வதற்கு வழி திறப்பதாகும்.

இதை ஆய்வுகளும் ஓரளவுக்கு உறுதிப்படுத்துகின்றன. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 18 பேருக்கு வலி மருந்து கொடுத்து 1 முதல் 4 மணி நேரத்துக்குள் கை, பாதங்களை 20 நிமிடம் நீவிவிட்டபோது, 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் சராசரி வலி 4.65-லிருந்து 2.35-ஆகக் குறைந்தது. 2007-இல் அங்குள்ள முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 605 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், நெஞ்சு அல்லது வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மாலைதோறும் 20 நிமிடம், அதிகபட்சம் 5 நாள்கள், முதுகில் மசாஜ் செய்யப்பட்டது. மசாஜ் முடிந்தவுடன் அவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. முதல் 4 நாள்களில் வலி தணியும் வேகமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட வலுவான வலி மருந்தின் அளவோ, மருத்துவமனையில் தங்கிய நாள்களோ குறையவில்லை. இந்த இரண்டாவது செய்தியை நாம் மறக்கக் கூடாது. நீவிவிடுவது மருந்துக்குத் துணையே தவிர மருந்துக்கு மாற்று அன்று. ‘மருந்து அதிகம் வேண்டாம், நான் பிடித்துவிடுகிறேன்’ என்று சொல்லி ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் தீங்காகும்.

தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் செவிலியரிடமோ பணியில் இருக்கும் மருத்துவரிடமோ, ‘இவருக்குக் கையையும் பாதத்தையும் லேசாக நீவிவிடலாமா? எந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது?’ என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மருந்துகள், இரத்தத் தட்டணுக்களின் குறைவு, டயாலிசிஸுக்காகக் கையில் போடப்பட்ட ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையை அழுத்தவே கூடாது. இரத்தம் உறையாமை மருந்து எடுப்பவருக்கு மெல்லிய வருடல் தீங்கு செய்யாது என்றாலும், கட்டைவிரலால் ஊன்றி அழுத்தினால் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கன்றிப்போகும்.

எல்லாத் தடைகளிலும் முதலில் மனத்தில் பதிய வேண்டியது கெண்டைக்காலைப் பற்றியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அசையாமல் படுத்திருப்பதாலும், உடலில் இரத்தம் உறையும் தன்மை கூடியிருப்பதாலும், காலின் உட்புற இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறையும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கெண்டைக்கால் கடுகடுவென்று வலிப்பதாக நோயாளி சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் படுத்துப் படுத்துக் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து அழுத்தி உருவிவிடுவார்கள். அப்படி உருவும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிர் போகும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, மறு காலைவிடச் சூடாகவும் சிவந்தும் இருந்தாலோ, கெண்டைக்காலில் வலி இருந்தாலோ, இரு கால்களையும் தொடாமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாத போதும், இந்த முறையில் கணுக்காலுக்கு மேலே கை போகவே கூடாது என்பதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வாந்தி, குளிர் நடுக்கம், தலைசுற்றல், இரத்த அழுத்தம் நிலையில்லாமல் ஏறி இறங்குதல் ஆகியவை இருக்கும்போது அன்றைக்கு விட்டுவிடலாம். தோலில் புண், அரிப்பு, சேற்றுப்புண், புதிதாகச் சிவந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து அறுவை செய்திருந்தால், கால்களுக்கு உணர்ச்சி முழுவதும் திரும்பும் வரை பாதத்தைத் தொட வேண்டாம். அழுத்தம் கூடினாலும் அவரால் சொல்ல முடியாது. அதுவரை கைகள் மட்டும் போதும்.

பிறகு, படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். இதை ஒரு சம்பிரதாயமாகச் செய்யாமல் உண்மையாகவே கேளுங்கள். நம் வீடுகளில் மூத்தவர் இளையவரின் காலைத் தொடுவது வழக்கமில்லை. சிசேரியன் ஆன மருமகளின் பாதத்தை மாமியார் பரிவுடன் எடுத்து மடியில் வைத்தால், அந்தப் பெண் ‘ஐயோ அத்தை, வேண்டாம்’ என்று கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வாள். அந்த இழுப்பிலேயே தையல் சுண்டி வலிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கைகளோடு நிறுத்திக்கொள்வதோ, கணவரையோ தங்கையையோ பாதத்துக்கு உட்கார வைப்பதோ நல்லது. ‘வேண்டாம்’ என்று ஒரு நாள் சொன்னால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் கேட்கலாம். வற்புறுத்திச் செய்யும் தொடுதலால் பதற்றம் கூடுமே தவிரத் தணியாது.

தயாராகும் முறை

வலி மருந்து கொடுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பிறகு தொடங்குவது பொருத்தமானது. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும் அந்த நேரத்தில் உடல் தளர்வதற்கு இடம் கொடுக்கும். சாப்பிட்ட உடனேயோ, மருத்துவர் சுற்று வரும் நேரத்திலோ வேண்டாம். பார்வையாளர்கள் கூட்டமாக வந்து போகும் மாலையைவிட, அவர்கள் கிளம்பிப் போன பிறகு, விளக்கு அணைப்பதற்கு முன் உள்ள நேரம் அமைதியாக இருக்கும்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவியோ, கட்டிலருகே வைத்திருக்கும் சானிடைசரைத் தேய்த்துக் காய விட்டோ கையைச் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்குச் சளியோ இருமலோ கையில் புண்ணோ இருந்தால் வேறொருவர் செய்யட்டும். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே தொடுங்கள், ஏ.சி. அறையில் குளிர்ந்த கை பட்டால் அவர் உடல் முதல் தொடுதலிலேயே சுருங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு கைக்கு அரைத் தேக்கரண்டி போதும். மயக்க மருந்தின் குமட்டல் இன்னும் விடாதவருக்கு எண்ணெய் வாசனையே பிடிக்காமல் போகலாம். அப்போது எண்ணெய் இல்லாமலே செய்யலாம். காரமான வலி நிவாரணத் தைலங்களையும் சூடாக்கிய எண்ணெயையும் தவிர்த்துவிடுங்கள். தைலத்தின் நெடி, பச்சிளங்குழந்தை பக்கத்தில் இருக்கும் பிரசவ வார்டுக்கு ஏற்றதன்று. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோன சர்க்கரை நோயாளிக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் கண்டுவிடும்.

கட்டிலின் தலைப்பகுதியைச் சற்று உயர்த்தி, வயிற்றில் அறுவை செய்தவருக்கு முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வைத்தால் வயிற்றுத் தசையின் இழுப்பு குறையும். கட்டிலில் ஏறி உட்காராதீர்கள். மெத்தை அமுங்கினால் அவர் உடல் சரியும். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, குனியாமல் உட்காருங்கள். சலைன் குழாய், சிறுநீர்க் குழாய், காயத்திலிருந்து வரும் டிரெயின் குழாய் ஆகியவை எங்கே போகின்றன என்று ஒரு முறை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி: ‘வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10, இப்போது எத்தனை?’ பதற்றத்துக்கும் அதே போலக் கேளுங்கள். இரண்டு எண்களையும் நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு மறுபடியும் கேட்டு எழுதுங்கள். எண் ஏறியிருந்தால் அதைச் செவிலியரிடம் காட்டலாம். ‘ரொம்ப வலிக்கிறது என்கிறார்’ என்பதைவிட ‘6 மணிக்கு 4 சொன்னார், இப்போது 7 சொல்கிறார்’ என்பதற்கு மருத்துவர்கள் விரைவாகச் செவிசாய்ப்பார்கள்.

கைகள்

சலைன் ஊசி இல்லாத கையிலிருந்து தொடங்குங்கள். அவர் கையை உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, அசைக்காமல், அவர் நான்கைந்து முறை மூச்சு விடும் வரை அப்படியே வைத்திருங்கள். பலர் இந்தப் பகுதியை வீண் என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் 20 நிமிடத்திலும் மிகத் தேவையானது இதுதான். அவர் விரல்கள் உங்கள் கைக்குள் மெல்ல விரிவதை நீங்களே உணர்வீர்கள். அது வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்து, அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி உங்கள் இடக்கையின் மேல் தாங்கிக்கொண்டு, வலக்கையின் முழு உள்ளங்கையால் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை புறங்கையை ஒரே ஓட்டமாக நீவுங்கள். ஒரு நீவலுக்கு 4 முதல் 6 நொடி பிடிக்க வேண்டும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு செய்தால் வேகம் கட்டுக்குள் இருக்கும். எண்ணாமல் செய்பவர்கள் எல்லோருமே தங்களை அறியாமல் வேகமெடுத்துவிடுவார்கள். மணிக்கட்டை அடைந்ததும் கையைத் தூக்காமல், எடையில்லாமல் பின்னோக்கி வழுக்கி வந்து மறுபடி தொடங்குங்கள். பத்து முறை போதும். அழுத்தத்தின் அளவு, தூங்கும் குழந்தையின் முதுகில் கை வைக்கும் அளவே.

பின்பு விரல்கள். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மெல்லச் சுழற்றியவாறே வழித்துக்கொண்டு வாருங்கள். சொடக்கு எடுக்காதீர்கள், எடுக்கும் இழுப்பு தோள் வரை போகும். உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலின் அடிச்சதையிலும் உள்ளங்கை நடுவிலும் உங்கள் இரு கட்டைவிரல்களால் சிறு சிறு வட்டமாக நீவுங்கள். இங்கே மட்டும் அழுத்தம் கொஞ்சம் கூடலாம். ‘இந்த அழுத்தம் போதுமா, குறைக்கட்டுமா?’ என்று ஒரு முறை கேளுங்கள். முடிவில் மீண்டும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்திருந்துவிட்டு, படுக்கையில் இறக்கி வையுங்கள்.

ஊசி உள்ள கையில், ஊசியும் பிளாஸ்திரியும் இருக்கும் இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே எல்லாம் நடக்க வேண்டும். ஊசி புறங்கையில் இருந்தால் விரல்களை மட்டும் நீவினால் போதும். எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி ஒட்டாமல் ஊசி நழுவிவிடும் என்பதால் இந்தக் கைக்கு எண்ணெய் வேண்டாம். ஊசி உள்ள இடம் வீங்கியோ சிவந்தோ இருந்தால் அது ஊசியை மாற்ற வேண்டிய அறிகுறி; தேய்த்துக் கரைக்க வேண்டியதன்று.

பாதங்கள்

எண்ணெய் தொடுவதற்கு முன் பாதத்தை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். விரலிடுக்குகளில் வெடிப்போ ஈரமோ உண்டா, அடிப்பாதத்தில் புண் உண்டா என்று பார்ப்பதோடு, குதிகாலைக் கட்டாயம் பாருங்கள். நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருப்பவரின் குதிகால் மெத்தையில் அழுந்திக்கொண்டே இருக்கும். அங்கே சிவந்திருந்தால் விரலால் மெல்ல ஒரு முறை அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். மாநிறத்தவருக்கும் கறுத்த தோலுடையவருக்கும் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், சுற்றுப்புறத் தோலைவிட நிறம் கறுத்தோ, சூடாகவோ, கல்லைப் போலவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். தேய்த்தால் இரத்த ஓட்டம் கூடும் என்று நினைத்துச் செய்வது, ஏற்கெனவே நைந்திருக்கும் உள்தசையை மேலும் சேதப்படுத்தும். இடுப்பெலும்பின் பின்புறத்துக்கும் இதே விதி பொருந்தும்.

பாதத்தில் தொடக்கம் கையைப் போலவே: ஒரு கை மேற்பாதத்திலும் மறு கை அடிப்பாதத்திலும் வைத்துச் சற்று நேரம் அசையாமல் இருங்கள். பிறகு விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை இரு கைகளாலும் மெதுவாக நீவுங்கள். அடிப்பாதத்தில் மிக லேசாகத் தொட்டால் கூச்சம் வரும். கூச்சத்தில் வயிறு குலுங்கிச் சிரித்தால் தையல் வலிக்கும். எனவே அடிப்பாதத்தில் முழு உள்ளங்கையையும் பதித்து, கையைவிடச் சற்று உறுதியாக, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி நீவ வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக வழித்து, கணுக்கால் எலும்பைச் சுற்றி விரல் நுனிகளால் வட்டமிட்டு, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க இறுக்கமான காலுறையோ, காற்று நிரப்பி அழுத்தும் கருவியோ போடப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்றாதீர்கள், கைகளோடு விட்டுவிடுங்கள்.

முடித்தவுடன் பாதங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துண்டால், விரலிடுக்கு உட்பட, ஈரமே இல்லாமல் துடைத்துவிடுங்கள். அரைத் தூக்கத்தில் எழுந்து கழிவறைக்குப் போகிறவர் எண்ணெய்ப் பாதத்தோடு வழவழப்பான டைல்ஸில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனை அவசரமானாலும் இந்தத் துடைப்பைத் தவிர்க்காதீர்கள்.

சிகிச்சைக்கு ஏற்ப மாறுபவை

இதய பைபாஸ் செய்தவருக்குக் காயம் நெஞ்சில் மட்டும் இருப்பதில்லை. காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ இரத்தக்குழாய் எடுத்திருப்பார்கள். அந்தக் காலையும் கையையும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும் சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால், கையைத் தலைக்கு மேல் தூக்குவதோ, பக்கவாட்டில் இழுப்பதோ, கையைப் பிடித்து எழுப்புவதோ கூடாது. இவர்களில் பலர் நெஞ்சைவிடத் தோள்பட்டைகளுக்கு நடுவில் வலிப்பதாகச் சொல்வார்கள். அறுவையின்போது விலா எலும்புகளை விரித்துப் பிடித்திருந்ததால் வரும் வலி அது. மருத்துவர் சம்மதித்தால், அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் நின்று இரு தோள்களின் மேலும் உள்ளங்கைகளை வைத்து, தோளிலிருந்து புயம் வரை மெதுவாக நீவலாம். கழுத்தின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் அழுத்தக் கூடாது. கழுத்தில் குழாய் இருந்தால் தோளையும் தொட வேண்டாம்.

பித்தப்பை, கர்ப்பப்பை போன்றவற்றைச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தவர்களுக்கு வரும் தோள் வலி வேறு வகையானது. வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. தோளை எவ்வளவு பிடித்துவிட்டாலும் வலியின் மூலத்தைத் தொட முடியாது. லேசாக நீவுவது ஆறுதல் தரலாம். எழுந்து மெல்ல நடப்பது இன்னும் உதவும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் தணிந்துவிடும். தோள் வலியோடு மூச்சுத் திணறலும் வியர்வையும் இருந்தால் வாயு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

மூட்டு மாற்று சிகிச்சையில், அறுவை செய்த காலை பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிட்டு, கைகளையும் மறு பாதத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கடியில் தலையணை வைக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. மூட்டு மடங்கியே நின்றுவிடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையை அழுத்திப் பிடிக்கவே கூடாது. அந்தக் கை வீங்கினால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்யும் சிகிச்சை தனி.

பதற்றம் கூடும் நேரங்கள்

எல்லா நேரத்திலும் 20 நிமிடம் கிடைக்காது. முதல் முறையாக எழுந்து நிற்க வைப்பதற்கு முன், கட்டு மாற்றுவதற்கு முன், டிரெயின் குழாயை எடுப்பதற்கு முன், மூன்று பந்துக் கருவியை வைத்து மூச்சு இழுக்கச் சொல்வதற்கு முன் ஐந்தே நிமிடம் ஒரு கையை நீவிவிடுவது நல்ல பலன் தரும். அவர் மூச்சை வெளியே விடும்போது உங்கள் கை நகரட்டும், உள்ளிழுக்கும்போது நிற்கட்டும். சற்று நேரத்தில் அவர் மூச்சே நீளும். அப்போது பேச வேண்டாம். குறிப்பாக, சிகிச்சைச் செலவு, இன்சூரன்ஸ், வீட்டில் நடந்த சண்டை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் நோய் ஆகிய எதையும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். கைபேசியை வெளியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

வயதானவர்கள் அறுவைக்குப் பிந்தைய இரவுகளில் இடம் புரியாமல், ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று எழுந்திருக்க முயல்வதும் குழாய்களைப் பிடுங்குவதும் உண்டு. இது பெரும்பாலும் தற்காலிகமான குழப்பமே. ஆயினும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியது. பழகிய ஒருவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, கையைப் பற்றிக்கொண்டால் சிலர் அடங்குவார்கள். கையை உதறினால் விட்டுவிடுங்கள்.

நீவிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், காயத்தில் புதிதாக இரத்தக் கசிவு, திடீரென ஏறும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி அழைப்பு மணியை அழுத்துங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

முதல் இரண்டு வாரங்களுக்கு மருத்துவமனையில் செய்ததையே, தூங்கப் போகும் முன், அதே விதிகளோடு தொடரலாம். கெண்டைக்காலைப் பற்றிய தடை வீட்டிலும் நீடிக்கிறது. இரத்தக் கட்டி வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்தும் உருவாகக்கூடும்.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாகவே நடந்துள்ளன. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, வயிற்றை அழுத்தி நீவி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வீசி ஊற்றி, துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் சுகப்பிரசவக் காலத்தில் உருவானது. சிசேரியன் ஆன வயிற்றில் தோலுக்கடியில் பல அடுக்குகளும் கர்ப்பப்பையும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. மேல்தோல் கூடிவிட்டதால் உள்ளே எல்லாம் கூடிவிட்டதாகப் பொருளில்லை. மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சம்மதிக்கும் வரை வயிற்றில் கை வைக்க வேண்டாம். குளிப்பாட்ட வரும் அனுபவமுள்ள பாட்டியம்மாவிடம், வயிற்றை விட்டுவிட்டுக் கை, பாதம், தோள் மட்டும் நீவிவிடும்படி முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கைப்பக்குவம் தோளுக்கும் முதுகுக்கும் மிகவும் உதவும், பால் கொடுத்துக் கொடுத்து இறுகிய கழுத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

தழும்பை நீவுவது கடைசிக் கட்டம். தையல் பிரித்து, பொருக்கு முழுவதும் தானாக உதிர்ந்து, எங்கும் கசிவோ வெடிப்போ இல்லாமல் தோல் மூடியிருக்க வேண்டும். அறுவை செய்த மருத்துவர் தழும்பைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கவும் வேண்டும். இதை நோயாளி தானே செய்துகொள்வது மேல், ஏனெனில் எந்த அழுத்தம் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் சில நாள்கள் தழும்பைச் சுற்றியுள்ள தோலை மட்டும், பிறகு தழும்பின் மேலேயே, வாசனை சேர்க்காத எண்ணெயோ களிம்போ ஒரு துளி தொட்டு, விரல் நுனியால் சிறு வட்டமாகவும், மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும் தோலை நகர்த்த வேண்டும். விரல் தோலின் மேல் வழுக்காமல், தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை போதும். தழும்பு தடித்து உயர்ந்து அரித்தால், சிவந்தால், சூடாக இருந்தால், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணம் செய்துகொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்ற 9 வகைகளில் பலவும் புதிதாகக் கூடிவரும் எலும்புக்கும் தசைக்கும் தாங்காதவை. அறுவை செய்த மருத்துவரின் அனுமதி கிடைத்த பிறகு, டிஸ்சார்ஜ் சீட்டையும் இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோய், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.